வாசகர் கேள்வி – பதில்: வேலை கொடுக்கச் சொன்ன பிறகும் வழக்கு

கேள்வி: என் கணவர் ஒரு நூற்பாலையின் ப்ளோரூமில் (பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் பகுதி) பதினாறு ஆண்டுகள் வேலை பார்த்தவர். அதுவரை ஒரு மெமோகூட வாங்கியதில்லை. 2017 மார்ச்சில் இரவு ஷிப்டில் பஞ்சில் தீப்பிடித்து 14 லட்சம் ரூபாய் நட்டம் என்றார்கள். பஞ்சோடு வரும் இரும்புத் துண்டுகளைப் பிடிக்கும் காந்தத்தை அவர் சுத்தம் செய்யவில்லை, தீப்பொறி கிளம்பிய நேரத்தில் இயந்திரத்தருகே இல்லை என்று குற்றச்சாட்டு. உள்விசாரணை நடத்தி ஆகஸ்டில் டிஸ்மிஸ் செய்துவிட்டார்கள். 2024 மார்ச்சில் தொழிலாளர் நீதிமன்றம், விசாரணை முறையாகவே நடந்தது, ஆனால் தண்டனை அதிகம் என்று கூறி, பணித் தொடர்ச்சியுடனும் பாதிப் பின்சம்பளத்துடனும் (வேலையில் இல்லாத காலத்துச் சம்பளத்தில் பாதி) வேலை கொடுக்கச் சொன்னது. ஜூனில் நிர்வாகம் உயர் நீதிமன்றத்தில் அப்பீல் போட்டு ஸ்டே வாங்கிவிட்டது. அவருடைய கடைசிச் சம்பளம் 14,200 ரூபாய். இப்போது அவ்வப்போது நண்பரின் ஆட்டோவை ஓட்டுகிறார். எல்லாவற்றையும் முதலிலிருந்து விசாரிப்பார்களா? வழக்கு முடியும்வரை எங்களுக்கு ஒன்றும் கிடைக்காதா? கிடைத்து, பிறகு தோற்றுப்போனால் திருப்பிக் கட்ட வேண்டுமா?
– ஒரு வாசகி, கோவை மாவட்டம்

பதில்: அம்மா, நீங்கள் மட்டுமல்ல, ஆலை நிர்வாகங்களும் சில வேளைகளில் வழக்கறிஞர்களுமே அதை அப்பீல் என்றுதான் சொல்கிறார்கள். உண்மையில் 1947-ஆம் ஆண்டின் தொழிற்தகராறுகள் சட்டத்தில் தொழிலாளர் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து அப்பீல் செய்ய வழியே வைக்கப்படவில்லை. நிர்வாகம் தாக்கல் செய்திருப்பது அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின் கீழ் ஒரு ரிட் மனு. உங்கள் முதல் கேள்விக்கான விடை இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. அப்பீல் என்றால் மேல் நீதிமன்றம் சாட்சியங்களை எல்லாம் மறுபடி எடைபோட்டுத் தன் முடிவைச் சொல்லலாம். ரிட் மனுவில் உயர் நீதிமன்றம் அப்படிச் செய்வதில்லை. கீழ் நீதிமன்றம் தன் அதிகார எல்லையை மீறியதா, இரு தரப்பையும் கேட்காமல் முடிவெடுத்ததா, ஒரு சான்றும் இல்லாமல் ஒரு முடிவுக்கு வந்ததா, ஆவணத்தைப் பார்த்தவுடனேயே தெரிகிற சட்டப் பிழை ஏதும் உண்டா என்று மட்டுமே பார்க்கும். இருக்கிற சான்று போதாது, நானாக இருந்தால் வேறு மாதிரி முடிவெடுத்திருப்பேன் என்பது தலையிடுவதற்குக் காரணமாகாது. பேருந்து வழித்தட அனுமதி தொடர்பாகச் சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு வகுத்த இந்த வரையறையை, 1964-ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுப்புகளிலிருந்து இன்றுவரை எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே உங்கள் கணவர் மறுபடி கூண்டில் ஏற வேண்டியதில்லை, புதிய சாட்சிகளும் வரப்போவதில்லை. ஏற்கெனவே எழுதப்பட்ட காகிதங்கள்தான் இனி பேசும்.

அந்தக் காகிதங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய உள்விசாரணை நடவடிக்கைகளில் மிக முக்கியமான ஒரு வரி இருக்கிறது. பராமரிப்புப் பிரிவின் மேற்பார்வையாளரைக் குறுக்கு விசாரணை செய்யும்போது உங்கள் கணவருக்காக வாதாடிய சக தொழிலாளி, அந்த வாரம் காந்தம் எங்கே இருந்தது என்று கேட்டிருக்கிறார். அது பழுதுபார்க்கக் கழற்றப்பட்டிருந்தது என்றும், மாற்றுக் காந்தம் பொருத்தியதற்குப் பதிவேட்டில் பதிவு இல்லை என்றும் சாட்சி ஒப்புக்கொண்டிருக்கிறார். பஞ்சுப் பொதிகளான பேல்களைக் கட்டியிருக்கும் இரும்புப் பட்டையின் நறுக்குத் துண்டு ஒன்று மிக்ஸிங்கில் கலந்து, வேகமாகச் சுழலும் உருளையில் மோதினால் தீப்பொறி பறக்கும் என்பது நூற்பாலையில் ஒரு மாதம் வேலை பார்த்த எவருக்கும் தெரியும். அதைத் தடுக்கத்தான் காந்தம். இல்லாத காந்தத்தைச் சுத்தம் செய்யவில்லை என்று ஒருவரைக் குற்றம் சாட்ட முடியாது. மிச்சமிருப்பது, தீப்பொறி கிளம்பியபோது அவர் இடத்தில் இல்லை என்ற இரண்டாவது குற்றச்சாட்டு. அதை அவரே ஒப்புக்கொண்டு, தேநீர் குடிக்கப் போயிருந்ததாகச் சொல்லியிருக்கிறார். தொழிலாளர் நீதிமன்றம் இரண்டையும் பிரித்துப் பார்த்து, நிரூபணமானது பாதி, அதற்கு டிஸ்மிஸ் அதிகம் என்று முடிவு செய்திருக்கிறது. காரணம் எழுதப்பட்ட, சான்றோடு ஒட்டிய இத்தகைய முடிவை ரிட் மனுவில் உடைப்பது நிர்வாகத்துக்கு எளிதாக இருக்காது.

தண்டனையைக் குறைக்கும் அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்திருக்கட்டும். 1971 டிசம்பர் 15-க்கு முன்னால், உள்விசாரணை நியாயமாக நடந்து, பழிவாங்கும் நோக்கமும் இல்லையென்றால், தண்டனையின் அளவில் தொழிலாளர் நீதிமன்றம் பெரும்பாலும் கை வைக்க முடியாது. அன்று நடைமுறைக்கு வந்த 11-ஏ பிரிவுதான், டிஸ்மிஸ் நியாயமில்லை என்று தனக்குத் தோன்றினால் அதை ரத்து செய்யவும், வேறு சிறிய தண்டனை கொடுக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் கொடுத்தது. நிர்வாகத்தின் மனுவில், நீதிமன்றம் இரக்கத்தின் பேரில் தண்டனையைக் குறைத்துவிட்டது என்ற வாசகம் நிச்சயம் இருக்கும், அது எல்லா மனுக்களிலும் இருக்கிறது. இரக்கம் மட்டும் காரணமாக இருந்தால் அந்த வாதம் எடுபடும். காரணம் இருந்தால் எடுபடாது. உங்கள் தீர்ப்பில் காரணம் இருக்கிறது.

ஆனாலும் எதிர்த்தரப்பு எந்தப் பக்கம் பலமாக இருக்கிறது என்பதை மறைக்க மாட்டேன். கவனக்குறைவு என்பது எப்போது ஒழுங்கீனமாகிறது என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1979-இல் அசாம் மாநிலத்து மாவட்ட அதிகாரி ஒருவரின் வழக்கில் விடை சொன்னது. திறமைக் குறைவும் வேலையில் நேரும் சாதாரணத் தவறும் ஒழுங்கீனமாகா, ஆனால் விளைவு ஈடுசெய்ய முடியாததாகவோ மிகக் கடுமையானதாகவோ இருக்குமானால் ஒரேயொரு கவனக்குறைவும் ஒழுங்கீனமாகலாம் என்றது. அங்கே காட்டிய உதாரணங்கள் மறக்க முடியாதவை: எதிரி நுழைவதைக் காணாமல் தூங்கிப்போன காவல் வீரர், ஒரு ரயில் நின்றுகொண்டிருக்கும் பாதையிலேயே இன்னொரு ரயிலுக்குச் சிக்னல் கொடுத்த ஊழியர், தசையில் போட வேண்டிய ஊசியை நரம்பில் போட்டு நோயாளியை இழந்த செவிலியர், பழுதைக் காட்டிய கருவியைக் கவனிக்காத விமானி. நிர்வாகம் 14 லட்சம் ரூபாய் நட்டத்தை இந்த வரிசையில் உட்கார வைக்க முயலும். உங்கள் தரப்பு எடுக்க வேண்டியது ஆலையின் நிலையாணைகளை, அதாவது வேலை நிபந்தனைகளையும் ஒழுங்கு விதிகளையும் எழுதிவைத்திருக்கும் ஆவணத்தை. மத்திய விதிகளோடு உள்ள மாதிரி நிலையாணைகளில் ஒழுங்கீனமாகச் சொல்லப்பட்டிருப்பது வழக்கமான கவனக்குறைவு. அதாவது திரும்பத் திரும்ப நடப்பது. உங்கள் ஆலையின் சான்றளிக்கப்பட்ட நிலையாணைகளிலும் அந்தச் சொல் இருக்கிறதா என்று வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள். பதினாறு ஆண்டுகளில் மெமோ இல்லாதவருக்கு அந்த ஒரு சொல் பெரிய துணை. தண்டனை கொடுக்கும்போது முந்தைய பணிப் பதிவையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அதே மாதிரி நிலையாணைகள் சொல்கின்றன.

முந்தைய பதிவு எவ்வளவு கனமானது என்பதற்கு எதிர்ப்பக்கத்து உதாரணம் ஒன்று. புனேயில் பாரத் ஃபோர்ஜ் ஆலையில் ஒரு தொழிலாளி 1983-இல் ஒருநாள் காலை 11.40 மணிக்கு, வேலை நேரத்தில், இரும்புத் தகட்டின் மீது படுத்துத் தூங்கியபோது பிடிபட்டார். தொழிலாளர் நீதிமன்றம் அவருக்கு மீண்டும் வேலை கொடுக்கச் சொன்னது. நிர்வாகம் விடாமல் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2005-இல் உச்ச நீதிமன்றம் டிஸ்மிஸ் சரியே என்றது. ஒரு தூக்கத்துக்கு வேலையே போவதா என்று தோன்றும், ஆனால் அது முதல் தூக்கமாகவோ முதல் தவறாகவோ இல்லாமல், அதற்கு முன் மூன்று முறை தண்டிக்கப்பட்டிருந்தார் என்பதே முடிவைத் தீர்மானித்தவற்றுள் ஒன்று.

இனி பணம். பலரும் கேட்காமலே விட்டுவிடுகிற உரிமை ஒன்று சட்டத்தின் 17-பி பிரிவில் இருக்கிறது. மீண்டும் வேலை கொடுக்கச் சொன்ன தீர்ப்பை எதிர்த்து நிர்வாகம் உயர் நீதிமன்றத்துக்கோ உச்ச நீதிமன்றத்துக்கோ போனால், அந்த வழக்கு நிலுவையில் இருக்கும் காலம் முழுவதும், தொழிலாளி கடைசியாகப் பெற்ற முழுச் சம்பளத்தை நிர்வாகம் கொடுத்துவர வேண்டும். தான் வேறு எந்த நிறுவனத்திலும் வேலையில் இல்லை என்று தொழிலாளி நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. ஸ்டே இருக்கிறது என்பது இதற்குத் தடையல்ல. ஸ்டே வாங்கிய வழக்குகளில்தான் இது பெரும்பாலும் தேவைப்படுகிறது. இதற்கான மனுவை உடனே போடுங்கள். கிடைக்கக்கூடியது மாதம் 14,200 ரூபாய். இன்று வேலையில் இருந்திருந்தால் வாங்கியிருக்கும் சம்பளம் அல்ல, 2017-இல் வாங்கியதுதான் என்று உச்ச நீதிமன்றம் 1997-இல் தேனா வங்கி வழக்கில் தெளிவாக்கிவிட்டது. விலைவாசி ஏறியதை நினைத்தால் சிறிய தொகைதான். அதே தீர்ப்பு உங்களுக்குச் சாதகமாகவும் ஒன்று சொல்கிறது: இப்படிக் கொடுத்த பணம் தொழிலாளியும் குடும்பமும் வழக்குக் காலத்தில் உயிர் வாழ்வதற்கான பிழைப்பூதியம் போன்றது, ஆகையால் கடைசியில் நிர்வாகமே வென்றாலும் அதைத் திரும்பக் கேட்க முடியாது.

ஆட்டோ விஷயத்தை மறைக்காதீர்கள். வேறு நிறுவனத்தில் வேலை பார்த்துப் போதுமான ஊதியம் பெற்றார் என்று நிர்வாகம் நிரூபித்தால் 17-பி சம்பளத்தை நீதிமன்றம் மறுக்கலாம். நண்பரின் ஆட்டோவை அவ்வப்போது ஓட்டிக் கிடைக்கும் சில்லறைப் பணம் அந்த வரையறைக்குள் வராது என்று வாதாட நல்ல இடம் இருக்கிறது. ஆனால், எந்த வருமானமும் இல்லை என்று பிரமாணத்தில் எழுதிவிட்டு, நிர்வாகம் எடுத்த புகைப்படத்தில் காக்கிச் சட்டையோடு மாட்டிக்கொண்டால் சம்பளத்தோடு நம்பகத்தன்மையும் போய்விடும். உள்ளதை உள்ளபடி, எத்தனை நாள் ஓட்டுகிறார், வாடகை போக எவ்வளவு மிஞ்சுகிறது என்று எழுதுங்கள்.

பாதிப் பின்சம்பளம் தனிக் கணக்கு. 2017 ஆகஸ்டிலிருந்து 2024 மார்ச் வரை 79 மாதங்கள். கடைசிச் சம்பளத்தை வைத்தே பெருக்கினால் 11,21,800 ரூபாய், அதில் பாதி 5,60,900. ஸ்டேயை நீக்கக் கோரியோ, மாற்றக் கோரியோ மனு போடும்போது, இதில் ஒரு பகுதியையாவது நீதிமன்றத்தில் கட்டச் சொல்லிக் கேட்கலாம். உயர் நீதிமன்றங்கள் அப்படி நிபந்தனை விதிப்பது வழக்கத்தில் உள்ளதுதான். இறுதியில் இந்தத் தொகைக்குத்தான் ஆபத்து அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிஸ்மிஸ் சட்டவிரோதம் என்று ரத்தானால் பணித் தொடர்ச்சியும் பின்சம்பளமும் கிடைப்பதே பொதுவிதி என்று 2013-இல் மகாராஷ்டிர ஆசிரியை ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் வழக்கு அந்த வகை இல்லை. தவறு நிரூபணமாகி, தண்டனை மட்டும் குறைக்கப்படும் வழக்குகளில் பின்சம்பளம் தானாக வந்து சேராது என்று 2007-இல் ஜே.கே. சிந்தெட்டிக்ஸ் வழக்கில் வேறொரு அமர்வு தீர்த்திருக்கிறது. பாதிச் சம்பளம் மறுக்கப்பட்டதே மாற்றுத் தண்டனை என்று உங்கள் தீர்ப்பில் எழுதப்பட்டிருந்தால் அதைக் காட்டிக் காப்பாற்றலாம். எழுதப்படாவிட்டால் உயர் நீதிமன்றம் வேலையை உறுதிசெய்து பின்சம்பளத்தை மட்டும் குறைத்துவிடலாம், அல்லது வேலைக்குப் பதில் ஒரு மொத்தத் தொகையைக் கொடுக்கச் சொல்லலாம். இந்த இரண்டுக்கும் மனத்தளவில் தயாராக இருங்கள்.

கேள்வி: ராணிப்பேட்டைப் பக்கம் சிறிய டேனரி (தோல் பதனிடும் ஆலை) நடத்துகிறேன். இரவு ஷிப்டில் டிரம்மைக் கவனிக்க வேண்டியவர் தூங்கிவிட்டதால், குறித்த நேரத்துக்கு மேல் ஓடி ஒரு லாட் தோல் முழுவதும் கெட்டது. நானே விசாரித்து அவரை நிறுத்தினேன். முறைப்படி இருக்கட்டும் என்று என் மைத்துனரை விசாரணை அதிகாரியாகப் போட்டேன். விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்று வேலூர் தொழிலாளர் நீதிமன்றம் முழுச் சம்பளத்துடன் வேலை கொடுக்கச் சொல்லிவிட்டது. கெட்டுப்போன தோலை அந்த நீதிமன்றம் பார்க்கவே இல்லை. மேலே போனால் ஜெயிக்க முடியுமா?
– ஒரு வாசகர்

பதில்: உங்கள் ஆதங்கம் புரிகிறது. நட்டம் உண்மையானது, கெட்ட தோலை எந்தத் தீர்ப்பும் மீட்டுத் தராது. ஆனால் நீங்கள் அனுப்பிய பதில் மனுவின் நகலைப் படித்தபோது, வழக்கு எங்கே கைநழுவிப் போனது என்பது தெரிந்துவிட்டது. புகார் கொடுத்தவர் நீங்கள், முதல் விசாரணை நடத்தியவர் நீங்கள், விசாரணை அதிகாரி உங்கள் மைத்துனர், தண்டனை கொடுத்தவரும் நீங்கள். தொழிலாளி கேட்ட குறுக்கு விசாரணைக்கு நேரம் இல்லை என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். இந்த விசாரணை நிற்காது என்று எந்த நீதிமன்றமும் சொல்லும்.

விசாரணை செல்லாது என்றாலும் முதலாளிக்கு இன்னொரு கதவு திறந்திருந்தது. 1973-இல் ஃபயர்ஸ்டோன் டயர் தொழிலாளர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம், உள்விசாரணையே நடக்காவிட்டாலும் அல்லது பழுதாகிப் போனாலும், தொழிலாளர் நீதிமன்றத்திலேயே முதன்முறையாகச் சாட்சிகளை வைத்துக் குற்றச்சாட்டை நிரூபிக்க முதலாளிக்கு உரிமை உண்டு என்றது. அந்த வாய்ப்பைப் பதில் மனுவிலேயே கேட்டுவிட வேண்டும் என்று 2001-இல் கர்நாடக அரசுப் போக்குவரத்துக் கழக வழக்கில் அரசியல் சாசன அமர்வு வரையறுத்தது. உங்கள் பதில் மனுவில் அந்த ஒரு வாக்கியம் இல்லை. அதனால்தான் ஷிப்ட் மேஸ்திரியும் கணக்குப் பிள்ளையும் கூண்டில் ஏறவே இல்லை, தோலும் நீதிமன்றத்தின் கண்ணுக்கு வரவில்லை. உயர் நீதிமன்றத்தில் இப்போது அவர்களை ஏற்ற முடியாது.

ஆகவே ரிட் மனு போடுவதைத் தடுக்க மாட்டேன், ஆனால் ஊக்கப்படுத்தவும் மாட்டேன். போட்டால் அன்றிலிருந்தே 17-பி சம்பளம் மாதாமாதம் சேரும். அது திரும்ப வராத பணம் என்பதை மேலே பார்த்தீர்கள். போடாமலும் இருந்து, வேலையும் கொடுக்காமல் இருப்பது இதைவிட மோசம்: தீர்ப்பு வெளியிடப்பட்டு 30 நாட்கள் கழிந்தால் அமலுக்கு வந்துவிடும், பிறகு சம்பளத்தை வருவாய்த் துறை மூலம் வசூலிக்கவும், தீர்ப்பை மீறியதற்காக வழக்குத் தொடரவும் வழி இருக்கிறது. எனக்குத் தோன்றுவது, தொழிலாளியோடு எழுத்து மூலமாக ஒரு உடன்படிக்கைக்கு வருவது. பின்சம்பளத்தில் ஒரு பகுதியும் வேலையும், அல்லது வேலைக்குப் பதிலாக அவர் ஏற்கும் ஒரு மொத்தத் தொகை, எது இரு தரப்புக்கும் ஒத்து வருகிறதோ அது. இன்னொன்று: 2025 நவம்பர் 21 முதல் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2020-ஆம் ஆண்டின் தொழிலுறவுகள் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. இந்தப் பக்கத்தில் வந்த வழக்குகள் எல்லாம் அதற்கு முந்தையவை என்பதால் பழைய பிரிவு எண்களிலேயே எழுதுகிறேன். இனி யாரையாவது நிறுத்துவதாக இருந்தால் புதிய சட்டத்தைப் பார்த்துச் செய்யுங்கள். விசாரணைக்கு மட்டும் மைத்துனர் வேண்டாம், வெளியிலிருந்து ஒரு வழக்கறிஞரை அமர்த்துங்கள்.

கேள்வி: அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் ஓட்டுநராக இருந்தேன். விபத்தில் இருவர் இறந்தனர். குற்றவியல் நீதிமன்றம் என்னை விடுதலை செய்துவிட்டது. தொழிலாளர் நீதிமன்றமும் அதைக் காரணமாகக் காட்டி எனக்கு வேலை கொடுக்கச் சொன்னது. ஆனாலும் கழகம் உயர் நீதிமன்றம் போயிருக்கிறது. விடுதலையான பிறகு என்ன வழக்கு?
– ஒரு வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: விடுதலை வேலையைத் தானாக மீட்டுத் தருவதில்லை. குற்றவியல் நீதிமன்றத்தில் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். துறை விசாரணையிலோ, இப்படித்தான் நடந்திருக்கக் கூடும் என்பதற்கான நிகழ்தகவு மிகுந்திருந்தாலே போதும். எனவே ஒரே விபத்தில் அங்கே விடுதலையும் இங்கே தண்டனையும் வருவது முரண் இல்லை.

உங்கள் பகுதியிலிருந்தே போன ஒரு வழக்கைக் கழகத்தின் வழக்கறிஞர் நிச்சயம் எடுத்துக் காட்டுவார். கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த சோழன் போக்குவரத்துக் கழகம், பலர் உயிரிழந்த ஒரு பேருந்து விபத்துக்காக ஓட்டுநரை டிஸ்மிஸ் செய்து, தொழிற்தகராறு நிலுவையில் இருக்கும்போது செய்யும் டிஸ்மிஸுக்கு ஒப்புதல் பெறச் சொல்லும் 33(2)(பி) பிரிவின்படி ஒப்புதல் கேட்டது. குற்றம் நிரூபணமாகவில்லை என்று ஒப்புதல் மறுக்கப்பட்டது, உயர் நீதிமன்றமும் தலையிடவில்லை. கழகம் உச்ச நீதிமன்றம் போயிற்று. விபத்து நடந்த விதமே பேசும்போது, கவனக்குறைவு இல்லை என்று விளக்க வேண்டிய பொறுப்பு ஓட்டுநருக்கு வருகிறது, இந்தக் கோட்பாடு துறை விசாரணைக்கும் பொருந்தும் என்று அது கழகத்துக்குச் சாதகமாகத் தீர்த்தது. 2005-ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுப்பில் அது இருக்கிறது.

உங்களுக்கு உதவக்கூடியது 1999-இன் பாரத் தங்கச் சுரங்க வழக்கு. அங்கே இரண்டு நடவடிக்கைகளும் ஒரே சம்பவத்தையும் ஒரே சாட்சிகளையும் நம்பியிருந்தன, அந்தச் சாட்சிகளைக் குற்றவியல் நீதிமன்றம் நம்ப மறுத்துவிட்ட பிறகு துறைத் தண்டனை மட்டும் நிற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் கருதியது. ஆகவே உங்கள் விடுதலைத் தீர்ப்பை எடுத்து மறுபடி படியுங்கள். சாட்சிகள் பிறழ்ந்ததால் ஐயத்தின் பலனைக் கொடுத்து விட்டார்களா, அல்லது எதிரே வந்த லாரிதான் கோட்டைத் தாண்டி வந்தது என்பது போல ஒரு முடிவை எழுதி விட்டார்களா? முதலாவதென்றால் அது உங்களைக் காப்பாற்றாது. கண்ணியமான விடுதலைக்கும் ஐயத்தின் பலனில் கிடைத்த விடுதலைக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ்நாட்டுக் காவலர் ஒருவரின் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியிருக்கிறது. இரண்டாவதென்றால் அந்தப் பத்தியையும், துறை விசாரணையில் உள்ள வரைபடத்தையும், வண்டி ஆய்வாளரின் அறிக்கையையும் பக்கத்தில் பக்கமாக வைத்து உங்கள் வழக்கறிஞர் எதிர்மனு தயாரிக்கட்டும். பிரேக் பற்றி ஆய்வாளர் என்ன எழுதியிருக்கிறார் என்பதை முதலில் பாருங்கள். பல கோப்புகளில் அந்தப் பக்கத்தை யாரும் புரட்டியதே இல்லை.

கேள்வி: தொழிலாளர் நீதிமன்றத்தில் வென்ற என் தந்தை, நிர்வாகத்தின் ரிட் மனு நடந்துகொண்டிருக்கும்போதே 58 வயதை எட்டிவிட்டார். இனி வழக்கை நடத்தி என்ன பயன்? அவருடைய பணிக்கொடையையும் (கிராஜுவிட்டி), கவனக்குறைவால் வந்த நட்டத்துக்கு ஈடாகப் பிடித்துவைத்திருக்கிறார்கள்.
– ஒரு வாசகி, சேலம்

பதில்: வேலை என்ற பகுதி பயனற்றுப்போனாலும் பணம் என்ற பகுதி அப்படியே நிற்கிறது. மனு தள்ளுபடியானால் டிஸ்மிஸ் செய்த நாளிலிருந்து ஓய்வு வயது வரை பணியில் இருந்ததாகவே கணக்கு. பின்சம்பளம் தீர்ப்பில் சொன்ன விகிதத்தில் வரும், பணிக்கொடைக்கான ஆண்டுகளும் கூடும். 17-பி சம்பளத்தை ஓய்வு பெறும் நாள் வரைக்குமே கேட்க முடியும் என்பதால், இதுவரை கேட்காமல் இருந்தால் நிலுவைக்கு இப்போதே மனு போடுங்கள்.

பணிக்கொடை பற்றி நிர்வாகம் பாதிதான் சரி. 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் (2025 நவம்பர் 21 முதல் இதன் இடத்திலும் புதிய சட்டத் தொகுப்பு வந்துவிட்டது, உங்கள் தந்தையின் வழக்கு அதற்கு முந்தையது) 4(6)(ஏ) பிரிவின்படி, நிர்வாகத்தின் சொத்துக்கு நட்டம் விளைவித்த கவனக்குறைவுக்காகவே ஒருவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டிருந்தால், அந்த நட்டத்தின் அளவுக்கு மட்டும் பணிக்கொடையைப் பிடிக்கலாம். நட்டம் 40,000 ரூபாய், பணிக்கொடை 2,00,000 ரூபாய் என்றால் மீதி 1,60,000-ஐக் கொடுத்தே ஆக வேண்டும். அதுவும் டிஸ்மிஸ் உத்தரவு நிற்கும்வரைதான். தொழிலாளர் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்ட நிலையில், பிடித்து வைப்பதற்கான அடிப்படையே ஆட்டம் கண்டிருக்கிறது. உயர் நீதிமன்றத்தின் ஸ்டே எந்த வாசகத்தில் இருக்கிறது, தீர்ப்பு முழுவதையும் நிறுத்தி வைக்கிறதா, பின்சம்பளத்தை மட்டுமா என்று பார்த்து, அதன்பிறகு பணிக்கொடைச் சட்டத்தின்கீழ் உள்ள கட்டுப்பாட்டு அதிகாரியிடம் மனு கொடுங்கள். நட்டத்தை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று அந்த மனுவிலேயே ஆவணம் கேளுங்கள். காப்பீட்டு நிறுவனத்திடம் அதே நட்டத்துக்கு நிர்வாகம் ஏற்கெனவே பணம் வாங்கியிருந்தால், அந்தக் கோரிக்கைப் படிவத்தின் நகலையும் சேர்த்துக் கேளுங்கள்.